குதிரை மிச்சம் வைத்தது

பதினான்கு கட்டு. இலவசம்.
வந்து ஏற்றிக்கொள்வது உங்கள் பாடு.
நட்டிமுக் சாலையில், பால் டின்னை அறுத்துச் செய்த
தபால்பெட்டிக்கு அடுத்த கேட்.

நோலீன் கொட்டகைக் கதவைக் காலால் தள்ளினாள்.
கட்டுகளின் உச்சியில் ஒரு நாய்.
வைக்கோற்போர் நாய் என்று திட்டுவோம் நாங்கள்,
தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.
இது என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டது.
மறிப்பதற்கு அங்கே தின்ன ஆள் இல்லை.

"கிழவன் போய் இரண்டு வருஷம்" என்றாள்.
புருஷனை என்று நினைத்துத் தலை குனிந்தேன்.
நிமிர்ந்தபோது சுவரில் கடிவாளம்.
அதற்கும் மேலே, பலகையில் சுண்ணாம்பெழுத்தில்
பட்டன் என்று ஒரு பெயர்.

வைக்கோல்தானே என்றேன்.
இல்லை என்றாள், கொஞ்சம் கோபமாகவே.
கதிரை அடித்தபின் மிஞ்சும் வெறுந்தாள் வேறு.
கதிரோடு, பச்சையிலேயே அறுத்து உலர்த்தியது வேறு.
இது ஓட்ஸ். இது சாப்பாடு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
ஐம்பத்தொரு வயதுவரை ஓட்டிவிட்டவள் நான்.
புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

களைக்கொல்லி அடித்த வருஷமா, நினைவில்லை,
எதற்கும் மூன்று பீன்ஸ் நட்டுப் பார் என்று
ஒரு பிடியைத் தனியாகப் பையில் போட்டுத் தந்தாள்.
தயிர் டப்பாவில் மூன்றும் முளைத்தன,
இலை சுருளாமல், கழுத்து திருகாமல்.

ஞாயிறு, மருந்துக்கடைக்கு விடுமுறை.
கடையில் விற்கும் முகமூடியை நானே கட்டிக்கொண்டேன்.
ஆரஞ்சுக் கயிற்றை அறுத்ததும்
கட்டு தகடு தகடாகப் பிரிந்தது.
பிஸ்கட் என்பார்கள் இங்கே ஒவ்வொரு தகட்டையும்.
நடுவில் சாம்பல் பூத்திருந்தது, பழைய மழையின் வாசம்.
உலர்ந்த ஒரு பல்லி, ரசீதுபோல் தட்டையாய்.
புல்வெட்டியை அதன்மேல் ஏற்றி ஏற்றி இறக்கினேன்.
ஒருமுறை கயிறு பிளேடில் சுற்றி
எஞ்சின் இருமி நின்றது.
மாலையில் ஹார்ஷம் தெருவே மஞ்சள் தும்மியது.
பக்கத்து வீட்டு டேரல் காரைத் துடைத்தபடி
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை நன்றாகக் கேட்கும்படி துடைத்தார்.

தக்காளிக்கு, கத்தரிக்கு, பாகலுக்கு
நான்கு விரல் கனத்தில் பரப்பினேன்,
தண்டைத் தொடாமல், சுற்றிலும் மூச்சுவிட இடம் வைத்து.
களை வராது என்று எல்லாருக்கும் சொன்னேன்.

நவம்பரில் இடியோடு ஒரு மழை.
பத்தாம் நாள் தோட்டம் முழுக்கப் பச்சை மயிர்.
வித்தியாசம் அன்றைக்குத்தான் விளங்கியது:
தாளில் விதை இல்லை. சாப்பாட்டில் உண்டு.

போன் செய்தேன். கதிர் விடுமுன் பிடுங்கிப்போடு,
அதுவும் அங்கேயே மட்கட்டும் என்றாள்.
குரலில் துக்கம் தேடினேன். கிடைக்கவில்லை.
குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று.
குழாயடியில் மட்டும் ஏழெட்டை விட்டேன்.
கண்ணில் படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நாற்பத்து நான்கு டிகிரி.
தகரக் கூரை முறுகும் சத்தம்.
தூளுக்கடியில் விரலை விட்டேன்.
ஈரம்.
அடுப்பங்கரைப் பானைக்கு அடியில் இருக்குமே,
அந்த அளவு குளிர்ச்சி.
எடுக்க மனமில்லாமல் விரல் அங்கேயே இருந்தது.

பிப்ரவரியில் அவள் தக்காளிக்கு வந்தாள்.
பெட்டியை வாங்கி வைத்துவிட்டு
நேரே குழாயடிக்குப் போனாள்.
ஒரு கதிரை ஒடித்தாள், கசக்கினாள், உமியை ஊதினாள்.
பிறகு உள்ளங்கையைத் தட்டையாக,
விரல்களை ஒட்டி, கட்டைவிரலை மடக்கி
நீட்டியபடி நின்றாள், கொஞ்ச நேரம்.
எதிரே என் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது.

கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள்.
"பிடுங்கச் சொன்னேனே" என்றாள்.