இரண்டு பக்க மெனு

முன்பக்கம் தாய்லாந்து, பின்பக்கம் ஜப்பான்.
ஓரத்தில் லேமினேஷன் பிரிந்த இடத்தில்
செல்லோடேப்.

ஃபோர்ட் வெயினில், டயர் கடைக்கும்
காசு போட்டுத் துவைக்கும் கடைக்கும் நடுவே
எங்கள் கடை.
கதவு திறக்கும்போதெல்லாம்
ரப்பர் வாசனையும் சோப்பு வாசனையும்
எலுமிச்சைப்புல்லோடு மல்லுக்கு நிற்கும்.

சுஷி மேடையில் நிற்பவன் நான்.
சாப்பிட்டு எழுந்தவர்கள் என்னைப் பார்த்து
"அரிகாத்தோ" என்று குனிகிறார்கள்.
நானும் குனிகிறேன்.
மிச்சீனாவில் பிறந்த கச்சின்காரன் என்று
விளக்க ஆரம்பித்தால்
சோறு காய்ந்துவிடும்.
நாங்கள் வைக்கும் வசாபிகூட
பச்சைச் சாயம் பூசிய முள்ளங்கிதான்.
அது வாய் திறந்து ஏதாவது சொல்கிறதா?

முதலாளியம்மா புவாகாம் லாவோஸ்காரி.
"பாங்காக் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு
"வெயில்" என்பாள்.
பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு ஜெனெல் வருவாள்,
மகளோடும் மகளின் ஊதாப் பையோடும்.
ஆறே முக்காலுக்கு டாரல்.
கோர்ட் கொடுத்த தாளில்
"பொது இடத்தில் ஒப்படைக்கவும்" என்று இருக்கிறதாம்.
பெட்ரோல் பங்க் ஒரு மாதம், நூலக வாசல் ஒரு மாதம்,
குளிர் வந்ததும் நாங்கள்.

அவளுக்கு அகல நூடுல்ஸ், காரம் நான்கு.
அவனுக்கு டூனா ரோல், இஞ்சி வேண்டாம்.
டெஸ்ஸுக்கு ஏழு வயது; தனியாக எதுவும் சொல்வதில்லை.
அம்மா தட்டில் மூங்கில் குருத்து,
அப்பா தட்டில் மீனை நீக்கிவிட்டு வெறும் சோறு.
நடு நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டே
இரண்டு நாட்டையும் மேய்வாள்.
பில் எப்போதும் இரண்டு.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து
ஆக்டோபஸ் கைகளின் இடுக்கில்
அவர்களைப் பார்ப்பேன்.
வேறு வேலை இல்லாமல் இல்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளி,
பனி பக்கவாட்டில் பெய்தது.
ஏழாயிற்று. ஏழரை.
நூடுல்ஸ் தீர்ந்து, தேநீர் ஆறி,
ஜெனெல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.
நிமிர்த்தினாள்.
கவிழ்த்தாள்.

டெஸ் என் மேடைக்கு வந்து
ஸ்டூலில் ஏறி முழங்கால் போட்டு நின்றாள்.
"அப்பாவோட ரோலை இப்பவே செஞ்சுடு."
"வந்ததும் செய்யலாமே, காய்ஞ்சுடும்."
"செஞ்சா வந்துடுவார்."

செய்தேன்.
எட்டுத் துண்டு, ஈரத் துணியால் மூடி.

"நீ எந்தப் பக்கம்?" என்றாள்.
கத்தி கையிலேயே நின்றது.
எந்தப் பெரியவரிடமும் கேட்டிராத கேள்வியை
மீன் வெட்டுபவனிடம் கேட்கிறாளே என்று
ஜெனெலைப் பார்த்தேன்.
அவள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
டெஸ் மெனுவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்:
"இதுவா? இதுவா?"

"ரெண்டிலும் இல்ல."

"தப்பா அச்சடிச்சிருக்காங்க" என்றாள்.
பென்சில் கேட்டாள்.
ஓரத்தில், செல்லோடேப் மேல் எழுதப் பார்த்தாள்.
பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்குமா?
அழுத்தி அழுத்தி
வெறும் கீறல்.

டாரல் வந்தபோது எட்டடிக்கப் பத்து நிமிடம்.
தாடி முழுக்க பனி,
சாலையில் லாரி கவிழ்ந்திருந்ததாம்.
ஜெனெல் கோட்டைக் கையில் எடுத்தாள்,
போடவில்லை.
அவன் காய்ந்த ரோலை
எட்டுத் துண்டும் வாய் பேசாமல் தின்றான்.
அவள் இன்னொரு தேநீர் சொன்னாள்.
அவ்வளவுதான்.
பெரிதாக நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை;
அடுத்த வெள்ளியும் பில் இரண்டுதான்.
அன்று மட்டும் டூனா ரோல்
ஜெனெல் பில்லில் ஏறியிருந்தது.
புவாகாம் தவறிப் போட்டாளா, தெரிந்தே போட்டாளா,
இன்னும் சொல்லவில்லை.
ஜெனெலும் கேட்கவில்லை.

கடை பூட்டியபின் நாங்கள் தின்பது
ஒட்டும் அரிசிச் சோறு, புளித்த கடுகுக்கீரை,
டூனா ஓரத் துணுக்குகளில் எலுமிச்சை பிழிந்து
பறவை மிளகாய் நசுக்கியது.
காரம் எத்தனை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

மேசையடியில் ஒற்றைக் கையுறை கிடந்தது,
ஊதா, நனைந்து.
அரிசிக் குக்கர் மூடிமேல் காயவைத்தேன்.
சுகாதார அதிகாரி பார்த்தால்
எழுதிவிட்டுத்தான் போவார்.