கடித்துப் பாருங்கள்

பகலெல்லாம் நான் சொல்வது இதுதான்:
கடித்துப் பாருங்கள்,
இப்போது இடமும் வலமும் அரையுங்கள்.
நீலத்தாள் பல்லில் விட்டுப்போகும் புள்ளியைப் பார்த்து
எங்கே உயரம் என்று கண்டுகொள்வேன்.

இரவில் குத்தாயிசியின் மழை தகரக் கூரையில் கொட்ட,
என் பழைய ழிகுலியின் பின்னச்சிலிருந்து
எட்டு போல்ட்டைக் கழற்றி
டிஃபரன்ஷியலை உருவி மடியில் வாங்கிக்கொண்டேன்.
இதற்கும் பற்கள்தாம்.
பெரிய வளையத்தில் நாற்பத்தொன்று, பினியனில் பத்து.
வேர் கிடையாது, நரம்பு கிடையாது,
அறுபதில் போனால் மட்டும் ஊளை.

முர்மன் மேல்மாடி பால்கனியிலிருந்து குனிந்தான்.
"ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்களேன், டாக்டர்."
கொடுத்தேனே, போன வருடம்.
ஆயிலை மாற்றி, காசை வாங்கி,
ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னார்கள்.

பேரிங் மூடிகள் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும்.
மாறிப் போட்டால் போச்சு.
இடதில் ஒரு குத்து, வலதில் இரண்டு என்று
உளியால் அடையாளமிட்டேன்.
தவறான கடைவாயைப் பிடுங்கியவனோடு
ஒரே வகுப்பில் படித்தவள் நான்.

முர்மன் மகள் லேலா படம் போடும் மஞ்சளில்
ஒரு டியூப் கடன் வாங்கி,
பற்களில் மெல்லப் பூசி, சுற்றிப் பார்த்தேன்.
குறி நுனியில் விழுந்தது.
பினியனைக் கழற்றி, தடித்த வளையம் வைத்து,
மறுபடி பூசி, மறுபடி சுற்றி.
இப்போது வேரோரம்.
மூன்றாம் இரவு, பல்லின் நடுவே
ஒரு பாதாம் அளவில், மஞ்சள் விலகி
இரும்பு தெரிந்தது.
தனியாகவே கைதட்டினேன்.

திங்கட்கிழமை பெசிக் வாயைத் திறந்தபடியே மூக்கைச் சுளித்தான்.
கந்தக நெடி. இரண்டு ஜோடிக் கையுறைக்கும் அடங்காத கியர் ஆயில்.
புது மருந்து என்றேன்.

அப்புறம் அந்தக் குழல்.
இரண்டு பேரிங்குக்கும் நடுவில் உட்காரும் மெல்லிய சங்கதி.
நட்டை முறுக்க முறுக்க நசுங்கும்,
போதுமென்ற இடத்தில் நிறுத்த வேண்டும்,
தாண்டினால் திரும்ப நிமிராது.
தாண்டினேன்.
கால் சுற்றுகூட இருக்காது.
வாயைத் திறக்க மறுக்கும் குழந்தைபோல
பினியன் இறுகி நின்றுவிட்டது.

வாங்கி வைத்திருந்தது ஒன்றே ஒன்று.

காலையில் இரண்டு பேரைத் தள்ளிப்போட்டுச் சந்தைக்கு ஓடினேன்.
இவேரி எதுவும் கேட்கவில்லை,
மூன்று குழல்களை எடுத்து மேசையில் வைத்தான்.
ஒன்று போதும் என்றேன்.
அவன் ஒன்றைக்கூட எடுத்து உள்ளே வைக்கவில்லை.
(மூன்றாவதுதான் இப்போது வண்டியில் இருக்கிறது.)

ஞாயிறு, ச்காலதூபோ சாலை.
ஐம்பது. ஐம்பத்தைந்து.
மூச்சு விடாமல் அறுபது.
ஒன்றுமில்லை.
கண்ணாடி துடைப்பான் தேய்வதும்
பின்சீட்டில் ஸ்பானர்கள் உருள்வதும் கேட்டன,
இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள்?
வளைவில் வெளிச்சக்கரம் முந்திக்கொள்ள
உள்சக்கரம் பேசாமல் விட்டுக்கொடுத்தது.
எண்பத்தைந்தில்
ஒரு கொசுவின் முனகல்.
விட்டால் போகிறது. பிடித்தால் வருகிறது.

ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து
வாரம் முப்பது பேருக்குச் சொல்வதை
எனக்கே சொல்லிக்கொண்டேன்:
முதலில் கொஞ்சம் உறுத்தும்,
ஒரு வாரத்தில் பழகிவிடும்,
பழகாவிட்டால் வாருங்கள்.

லேலாவின் மஞ்சள்
இன்னும் பாதி டியூப் இருக்கிறது.