கனம்

சந்தூர்ப் பக்கம் காற்றில் சாய்ந்த மாமரம்.
மில்லில் பலகையாகி வந்தபோது
ஒரு முனை ஒன்றேகால் அங்குலம்,
மறுமுனை ஒன்றுகூட இல்லை.
"மாம்பலகை தானேக்கா, பெட்டி அடிக்கத்தானே"
என்றான் மில்லில் இருந்த பையன்.
பெட்டி இல்லை, புத்தக அலமாரி.
அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிறுக்கு ஒரு பலகை கையால் இழைத்தால்
திங்களன்று வலது தோள் எழும்பாது.
மின்வாரியப் பை தொங்குவதும் அதே தோளில்தான்.
போனஸ் வந்த அன்று
பெங்களூர் ரோட்டுக் கடைக்குப் போனேன்.

மேசைமேல் வைக்கிற இழைப்பு மெஷின்
இரண்டு இருந்தன.
ஒன்றுக்கு மூன்று பிளேடு, இரண்டு வேகம்.
மற்றதற்கு இரண்டு பிளேடு,
ஆனால் முன்னும் பின்னும் நீண்ட தட்டு,
தலையை அசையாமல் பிடிக்கும் பூட்டு.
பசவராஜு மூன்று பிளேடு பக்கமே நின்றார்.
"வீட்டுக்காரருக்கா மேடம்?"
"மாமரத்துக்கு."

கனம் எவ்வளவு என்றேன்.
"ஆறு அங்குலம் வரை உள்ளே போகும்."
நான் கேட்டது தூக்குகிற கனம்.
"ஓ, அதுவா. முப்பத்து நாலு கிலோ."

வாட்டைக் கேட்கவில்லை, தகட்டிலேயே இருந்தது.
ஆயிரத்து எண்ணூறு.
கிளம்பும்போது இன்னும் மூன்று மடங்கு இழுக்கும்.
பழையபேட்டையில் எங்கள் தெருவின் கடைசிக் கம்பம்
ராத்திரி ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் தரும் என்று
எனக்குத் தெரியும்.
பகலில் ஓட்டலாம் என்றால்
சுவருக்கு அந்தப் பக்கம் ரிஸ்வானா
பெரியாஸ்பத்திரி நைட் டியூட்டி முடிந்து தூங்குவாள்.
மிஞ்சுவது நாலரையிலிருந்து ஆறு.

அன்று வாங்காமல் வந்தேன்.
இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைமேல்
ஆணிப் பெட்டியை ஒன்பது கிலோவுக்குக் கட்டித்
தூக்கிப் பார்த்தேன்.
இடுப்பு வரை வந்தது.
மேசை அதற்கு மேலே.
மேசைக்கால்களில் ஒரு சாண் அறுத்தேன்.

அடுத்த சனி
வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுபோனேன்,
நன்றாக முறுக்கியதாகப் பார்த்து.
மூன்று பிளேடில் விட்டார்.
கண்ணாடி மாதிரி வந்தது,
முறுக்கு அப்படியே.
உருளை அமுக்குகிற வரை நேர்,
விட்டதும் தன் புத்தி.
முதல் இரண்டு அங்குலத்திலும் கடைசி இரண்டிலும்
நகம் தடுக்கும் பள்ளம்.

ஆக இது எதையும் நேராக்காது.
ஒரு முகத்தை நான் சமமாக்கித் தந்தால்
மறுமுகத்தை அதைப் பார்த்து எழுதும்,
அவ்வளவுதான்.
அந்த முதல் முகம் இனியும் கைக்குத்தான்.
அதற்கென்று பர்கூர் பாலிஷ் பேக்டரியில்
மூலை உடைந்த கிரானைட் ஒன்றை
முந்நூறுக்குப் பேசி ஆட்டோவில் ஏற்றினேன்.
பலகையை அதன்மேல் வைத்து அமுக்கினால்
டக், டக்.
சத்தம் நிற்கிற வரை இழைப்பது.

பூட்டு உள்ளதை எடுத்தேன்.
பிளேடு ஓசூரில் கிடைக்குமா என்று
இரண்டு தடவை கேட்டு, பில்லின் பின்னால்
அவர் கையெழுத்திலேயே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெரு என் பகுதி இல்லை, தாசப்பாவுடையது.
இந்தத் தடவை மீட்டரைப் பார்த்துவிட்டு
"ஏசி போட்டீங்களா?" என்றார்.
பின்பக்கம் மூன்று மூட்டை சீவல் காட்டினேன்.
கோழிக்கூண்டில் பரப்ப ஒன்று கேட்டார்.
குனிந்து, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கியவர்
பின்னால் சாயப் பார்த்தார்.
"என்னங்க இது, கனமே இல்ல."