இரண்டு நாள் எம்.சி.

விடுதி அறைக் கதவில்
பேருந்து அட்டையைத் தொட்டுவிட்டு
பீப் ஒலிக்காகக் காத்து நின்றேன்.
திறக்கவில்லை. இன்னொரு முறை தொட்டேன்.
உள்ளிருந்து லோகேஸ்வரி வந்து திறந்தாள்.
அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"எங்கடி போகணும்?" என்றாள்.
எனக்குப் பதில் தெரியவில்லை.

அது பருவத்தின் பதினோராவது வாரம்.
குளுகோரில் விடாத மழை.
மேசையில் காலியான மூன்று நெஸ்லோ டின்கள்.
சுவரில் என் கால அட்டவணை:
பச்சை மருந்தியல், மஞ்சள் ஆய்வுக்கூடம், சிவப்பு தேர்வு,
ஊதா, கலை இரவு ஏற்பாட்டுக் குழு, துணைச் செயலாளர்,
அப்புறம் நன்கொடை வசூல், அதற்கும் ஊதாதான்.
வெள்ளை எங்கும் இல்லை.
சாப்பாட்டுக்குக் கட்டம் போடவில்லை;
அது போகிற வழியில் நடக்கும் என்றிருந்தேன்.

இரவு பத்துக்கு
சுங்கை பட்டாணியிலிருந்து அம்மா கேட்பாள்:
"படிச்சியா?"
"படிக்கிறேம்மா."
ஒரே வரியை நாற்பது நிமிடமாய்
உழுதுகொண்டிருப்பேன்.
ஒரு விதையும் விழாது.

வளாகக் கிளினிக்கில் டாக்டர் ஃபரீடா
இமையை இழுத்துப் பார்த்தார்.
கடைசியாக எப்போது தூங்கினாய்?
நேற்று.
அலாரம் வைக்காமல்?
நான் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன்.
மாத்திரை ஏதும் எழுதவில்லை அவர்.
இரண்டு நாள் எம்.சி. எழுதி
டொக்கென்று முத்திரை குத்தினார்.

மருந்து படிக்கிறவளுக்கு
மருந்தில்லாத சீட்டு.
ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும்
நடுவே விடும் மணிநேரமும் சிகிச்சைதான்,
அதைத் தின்றுவிட்டால் மருந்தே நஞ்சு என்று
போன பருவத்தில் பக்கம் பக்கமாய் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

முதல் நாள் மாலை நான்குக்குத் திடுக்கிட்டு விழித்தேன்,
எதையோ திருடியவள்போல்.
தலையணைக்கடியில் சீட்டைத் தடவினேன்.
முத்திரை இருந்தது. மறுபடி படுத்தேன்.
கனவில் வந்த விரிவுரையாளரிடமும்
அதையே நீட்டினேன்.

இரண்டாம் நாள்
சுங்கை டுவா தோபிக் கடையில்
காசைப் போட்டுவிட்டு
கண்ணாடி வட்டத்துக்குள் என் துணிகள்
ஒன்றன் மேல் ஒன்று விழுவதைப் பார்த்திருந்தேன்.
பாதியில் இயந்திரம் நின்றது.
ஓசை இல்லை, அசைவு இல்லை.
பழுதென்று நினைத்து உள்ளங்கையால் ஓர் அடி.
பக்கத்திலிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.
கொஞ்ச நேரத்தில் தானாகவே
எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.
வெட்கமாகப் போயிற்று.
யாரை அடித்தேன் என்று யோசித்தேன்.

உலர்ந்த துணிகளைச் சூட்டோடு மார்பில் அணைத்தபடி
சாலையோரம் நின்று
பீசாங் கோரேங் மூன்று தின்றேன்.
வாய்க்குள் ஒரு நாக்கு இருப்பது
நினைவுக்கு வந்தது.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று
சொல்ல மாட்டேன்.
மருந்தியலில் பி மைனஸ்.
செயலாளர் பதவியைத் திருப்பிக் கொடுத்தபோது
ஹரிணேஷ் ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை.
வியாழன் பிற்பகலை வெள்ளையாக விட்டேன்.
முதல் வியாழனைக் குற்ற உணர்ச்சி தின்றது.
இரண்டாவதைக் குழுப் படைப்பு.
மூன்றாவதில்
எச்சில் ஒழுகத் தூங்கினேன்.

நாள் கடந்த அந்த எம்.சி.யை
வெள்ளைக் கட்டத்தின் மேல் ஒட்டியிருக்கிறேன்.
லோகேஸ்வரியும் சில வியாழன்களில்
அதன் கீழே வந்து படுத்துக்கொள்கிறாள்.

நேற்று இரவு பத்துக்கு அம்மா:
"படிச்சியா?"
"இல்லம்மா. தூங்கப் போறேன்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
தொலைக்காட்சி அணையும் ஓசை.
ஒரு நீளக் கொட்டாவி.
"அப்ப சரி,
நானும் படுக்கிறேன்."