திட்டப் பிழை

காகித ஆலை மூடப்போகும் ஊரில்
நூற்று நாற்பத்திரண்டு பேருக்கு
ராய்லி குவோஸ்மானென் நீட்டிய கேள்வித்தாளும்
அந்த ஆலையின் காகிதம்தான்.
கண்டுபிடித்தவர் எண்பத்தெட்டாம் எண்காரர்.
பேனாவை எடுக்குமுன்
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
விளிம்பைக் கட்டைவிரலால் நீவினார்.
"எண்பது கிராம். நம்ம மூணாம் நம்பர் மெஷின்."
அதைக் குறிக்க
தாளில் கட்டம் இல்லை.

அறுபது வினாக்கள்.
ஒன்று என்றால் துளியும் பிடிக்காது,
ஐந்து என்றால் மிகவும் பிடிக்கும்.
மூன்று நடு.
நடு என்றால் தெரியாது என்றா,
உனக்கெதற்குச் சொல்லவேண்டும் என்றா,
அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தெல்லெர்வோ, ஆலைச் சோதனைக்கூடத்தில் இருந்தவள்,
அறுபதுக்கும் மூன்றே போட்டிருந்தாள்,
மேலிருந்து கீழே
தூக்குக்குண்டு விட்டதுபோல் நேர்க்கோட்டில்.
கவனமில்லாத விடை, நீக்குக என்கிறது விதி.
நீக்கப் போன ராய்லியின் விரல்
நாற்பத்தொன்றில் தடுக்கியது:
'பிறருடன் சேர்ந்து வேலை செய்ய.'
அங்கும் மூன்றுதான்.
ஆனால் பேனா அழுந்தி
தாள் கிழிந்திருந்தது.

அழுத்தத்தை அளக்க
இந்தக் கருவியில் ஏற்பாடில்லை.

ஆறு மாதம் கழித்து, ஏப்ரலில்,
அதே ஆட்களிடம் அதே வினாக்கள்.
ஒருவருடைய விருப்பம்
அவருடைய எலும்பைப்போல
அவ்வளவு சுலபமாக மாறாது என்பது கோட்பாடு.
வந்தவர்கள் தொண்ணூற்றேழு பேர்.

முப்பத்தேழாம் வினா:
'ஓர் இயந்திரத்தைப் பிரித்து மறுபடி பூட்ட.'
எண்பத்தெட்டு, தானெலி ஹியெதாலா,
அக்டோபரில் ஐந்து போட்டவர்,
இப்போது ஒன்று.
ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்து:
'பிரித்தாயிற்று. மூன்று வாரக் கூலி.
பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏறிவிட்டது.
பூட்டுவதற்கு என்னைக் கூப்பிடவில்லை.'

இரண்டு தேர்வுக்கும் இடையே ஒப்புறவு
புள்ளி நான்கு ஒன்று.
பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசியில்
"உன் கருவி ஆடுகிறதே" என்றார்கள்.
கருவியா, தரையா என்று
கேட்க நினைத்து
"பார்க்கிறேன்" என்றாள்.

இன்னொன்றும் நடந்தது, அதை அறிக்கையில் எழுத முடியாது.
கடைசி வினா:
'ஐந்து வருடத்தில் நல்ல வேலையில் இருப்பேன் என்று
எவ்வளவு நம்புகிறீர்கள்?'
விடை எழுதாதவர்களுக்கு
தொண்ணூற்றொன்பது என்று பதிவது வழக்கம்.
அது விடையல்ல, வெற்றிடம் என்று
கணினிக்குத் தனியாகச் சொல்லவேண்டும்.
ஒரு ராத்திரி சொல்ல மறந்துபோனாள்.
ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கவேண்டிய
ஊரின் சராசரி நம்பிக்கை
ஐம்பத்திரண்டு என்று வந்து நின்றது.
சத்தமாகச் சிரித்தாள், தனியாக இருந்ததால்.
பிறகு உறைத்தது:
ஐந்தைத் தாண்டியதெல்லாம்
வாய் திறக்காதவர்களின் கணக்கு.
ஊரில் பாதிப்பேர்.

திருத்த வேண்டும்.
ஒரே ஒரு சொடுக்கு.
காப்பி ஆறும்வரை திருத்தவில்லை.

அவளுடைய ஃபின்னிஷ் மொழியில்
பிழைக்கு ஒரு சொல்,
பிழைப்புக்கு வேறு சொல்.
ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக
பாலம் கிடையாது,
ஏரியைச் சுற்றித்தான் போகவேண்டும்.
அவள் சுற்றித்தான் போனாள்.
அட்டவணை நான்கில் திட்டப் பிழையை எழுதி,
அடிக்குறிப்பில்:
'எண் 88-இன் விடைகள் முரணானவை.
நீக்கப்படவில்லை.'
தெல்லெர்வோவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
நீக்கவுமில்லை.

பாதி அச்சில் காகிதம் தீர்ந்தது.
அலமாரியிலிருந்து புதுக் கட்டைப் பிரித்தாள்.
உறையில் வேறொரு நாட்டின் பெயர்.
ஒரு தாளை உருவி
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
விளிம்பைக் கட்டைவிரலால் நீவினாள்.

எத்தனை கிராம் என்று
தெரியவில்லை.