ஐந்து பாகை

வைப்பர் மோட்டர், ஓடாத ஓட்டோவொன்றில் கழற்றியது.
சங்கிலி, பரந்தன் சந்தி சைக்கிள் கடைக் குப்பையில் எடுத்தது.
திசைகாட்டிச் சில்லு மட்டும் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது,
சுண்டுவிரல் நகத்தளவு.
எல்லாவற்றையும் வைத்து மூட ஓர் ஐஸ்கிறீம் பெட்டி;
மூடியில் இன்னும் வனிலா மணம்.

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவள். கடல் தெரியாது.
யசிந்தாவுக்குத் தெரியும், ஆனால் வள்ளத்தில் அவள் ஒருத்தி.
வலையை இழுத்தால் சுக்கான் அலையும்.
சுக்கானைப் பிடித்தால் வலை கிடக்கும்.
மற்ற வள்ளங்களில் இரண்டு பேர்.
"எனக்கு இன்னொரு கை செய்து தா" என்றாள்,
போன மாதம் பம்பு திருத்தின காசை
இன்னும் தராமலே.

ஆலங்கேணிக் கரையில் முதல் நாள்
பாய் ஏறியதும் பொத்தானை அழுத்தினேன்.
கிர்ரென்று வலம். வள்ளம் கூடத் திரும்பியது.
கிர்ரென்று இடம். அது அதைவிடக் கூட.
தவறணையால் வீட்டுக்குப் போகிறவன்
ஒழுங்கையின் இரண்டு வேலியையும்
தொட்டுத் தொட்டுப் போவானே, அப்படி.
கரையில் நின்ற பொடியள் விசிலடித்தார்கள்.
"உது ஏன் தொட்டதுக்கெல்லாம் துள்ளுது?
கொஞ்சம் பிழைச்சால் விடச் சொல்லு.
கடலில ஆர் நேர்கோட்டில போனது?"

அன்றிரவு நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
பிழை ஐந்து பாகைக்குள் என்றால் பேசாமல் இரு.
எழுதிவிட்டு என் அக்காவை நினைத்துக்கொண்டேன்.
அவளுக்குள் இந்த வரி இல்லை.

அடுத்த நாள் வள்ளம் ஆடவில்லை.
பிழையான பக்கம் நேராகப் போனது.
கத்தியைத் தூர வைத்தோம்.
நங்கூரத்தை அணியத்துக்கு நகர்த்தினோம்.
தேத்தண்ணிப் போத்தல், என் திருப்புளி,
அவள் கழுத்துச் செபமாலை கூட.
திரையில் பதினொரு பாகை, அசையாமல்.
"ஒருக்கா எழும்பு" என்றேன்,
பெட்டியோடு ஒட்டி அவள் இருந்த பலகைக்கடியில்
ஆணி ஏதும் இருக்குதா பார்க்க.
எழும்பினாள். எண் சுழியத்துக்கு வந்தது.
இருந்தாள். போனது.
எழும்பினாள். வந்தது.

நான் அவள் இடுப்பைப் பார்த்தேன்.
அவள் பாயைப் பார்த்தாள்.
"புளியங்கொட்டையளவுதானாம்.
எடுக்கத் தேவையில்லை எண்டு டொக்டர் சொன்னவர்"
என்றாள், சந்தையில் யாரோ விலை கேட்டதுபோல.
பிறகு,
"வடக்கை விடு. காற்றைக் கேக்கச் சொல்லு.
காற்றுக்கு இரும்பு தெரியாது."

மகனின் பழைய கோப்பு மட்டையை வெட்டினோம்,
கணிதம், தரம் எட்டு என்ற சீட்டோடேயே.
பேனைக் குழாய் ஒன்று அச்சு.
வானொலியில் சத்தம் கூட்டும் குமிழைப் பிடுங்கி
அதன் அடியில் பூட்டினேன்.
காற்று மட்டையைத் திருப்ப, மட்டை குமிழைத் திருப்ப,
குமிழ் சொன்னதை மோட்டர் கேட்டது.
சோளகம் பாயை நிரப்பியது.
யசிந்தா இரண்டு கையாலும் வலையை இழுத்தாள்.
சுக்கான் தானே அசைவதை
அவள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

றால் கொஞ்சம். வெயில் கூட.
ஒரு சுருள் கச்சான் கடலை உடைத்துத் தின்றபடி
பாயின் நிழலில் சரிந்தோம்.
எப்போது கண் செருகியதோ.
சோளகம் விழுந்து மற்றக் கச்சான் எழும்பியதை
மட்டை மட்டும் கண்டது.
காற்றோடு குமிழும், குமிழோடு வள்ளமும்
ஒழுங்காய்த் திரும்பி, ஒழுங்காய்ப் போய்,
பிலேந்திரனின் சிறகுவலைக்குள் ஏறி நின்றன.

இடுப்பளவு தண்ணீரில் அவர்.
"ஆரடி சுக்கானில?"
யசிந்தா ஐஸ்கிறீம் பெட்டியைக் காட்டினாள்.
அவர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
முறிந்த தடிகளை எண்ணத் தொடங்கினார்,
ஒண்டு, ரெண்டு, சத்தமாய்.

சேற்றில் புதைந்த வள்ளத்தில்
மோட்டர் ஒருமுறை கிர்ரென்றது,
பிறகு பேசாமல் இருந்தது.
அதன் கணக்கில் நாங்கள் இன்னும்
ஐந்து பாகைக்குள்தான்.