முதல் நாள்

சபாத்தீனோ சாரத்திலிருந்து விழுந்தது எட்டேகாலுக்கு.
எனக்கு போன் வந்தது எட்டு நாற்பதுக்கு.
"ஒரு ஆளைப் பதியணும்" என்றார் முதலாளி.
"இன்னைக்குத் தேதியில. காலை ஏழு மணியிலிருந்து."

அவெர்சாவில் எங்கள் அலுவலகம்
டைல்ஸ் கடைக்கு மேலே.
ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் கேட்டிருக்கும்.
திறக்கவில்லை.

பிறந்த தேதி கேட்டது படிவம்.
அவன் மனைவி இமாகொலாத்தாவுக்கு போன் செய்து
எதற்கென்று சொல்லாமல் வாங்கினேன்.
நவம்பர் மூன்று என்றாள். கேக் ஏதும் வாங்கறீங்களா
என்று சிரித்தாள்.

வேலை: கொத்தனார் என்று அடித்து, அழித்து,
கையாள் என்று மாற்றினேன்.
கையாளுக்குக் கட்ட வேண்டியது குறைவு.
முன் அனுபவம்: இல்லை.

பதினொரு வருஷம்.
என் மகள் படிக்கும் பள்ளியின் மேல்தளம் அவன் பூசியது.
அந்தத் தளத்துக்கு ருவோத்தோலோவும் டெண்டர் போட்டார்.
ஆட்களைப் பதிந்தவர், அந்தச் செலவையும் கூட்டி
விலை சொன்னவர், தோற்றார்.
அடுத்ததிலும் தோற்றார். பிறகு
கலவை இயந்திரத்தை விற்றுவிட்டு
எங்களிடமே மேற்பார்வைக்கு வந்தார்.
கையில் காசு, எழுத்தில் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை உறைகளில் பணம் வைப்பவள் நான்.
உறைமேல் பெயர் கூடாது, பென்சிலில் முதலெழுத்து மட்டும்.
அதே எழுத்தில் இன்னொருவன் இருந்ததால்
சபாத்தீனோவுக்கு ஒரு மீன் வரைவேன்.
ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போகிறவன்.

ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓடவில்லை.
நாலு பேர் மாடிப்படியில் தூக்கிப் போனார்களாம்.
வரி வரவில்லை, பழுது பார்க்கப் பணமில்லை
என்று ஒட்டியிருந்ததாம்.
எந்த வரி?
நான் எழுதாமல் விட்ட வரி.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார்.
தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"இந்த மாவட்டத்தில் எல்லோரும்
முதல் நாள்தான் விழுகிறார்கள், அம்மா" என்றார்.
நீங்கள் எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்று கேட்டார்.
என் சம்பளச் சீட்டில் ஒரு மணி வரை.
அப்போது மணி ஐந்து.
கோட்டை எடுத்துக்கொண்டு, சும்மா வந்தேன் என்றேன்.

சனிக்கிழமை பழக்கத்தில் மீனை வரைந்துவிட்டேன்.
"அவனுக்குப் பதிவில் உள்ளதை மட்டும் போடு" என்றார் முதலாளி.
ஏழிலிருந்து எட்டேகால்.
கையாள் கூலியில் கணக்குப் போட்டேன்.
சில்லறை தேடி
கீழே டைல்ஸ் கடைக்கு இறங்க வேண்டியிருந்தது.